பெயர்ப்பலகை மாறிவிட்டதா? இரண்டு பச்சைப் பாம்புகள், எது மலைப்பாம்பு?

வடபாதி_ராஜா | #1
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வெளிநாடு போயிருந்தபோது குடும்பத்தோடு ஒரு உயிரியல் பூங்காவுக்குப் போனோம். பூங்காவின் பெயர் வேண்டாம், ஏன் என்று படித்தால் புரியும். ஊர்வனப் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். இரண்டிலும் கிளைமேல் சுருண்டு கிடக்கிறது ஒரு பச்சைப் பாம்பு. இடது பெட்டியின் பலகையில் ‘கிரீன் ட்ரீ பைத்தான், நியூகினி’. வலது பெட்டியில் ‘எமரால்டு ட்ரீ போவா, தென் அமெரிக்கா’.

நான் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, போர்டுல இருக்கிற படத்துல முதுகுல புள்ளி புள்ளியா இருக்கு. உள்ள இருக்கிற பாம்புக்குப் பட்டை பட்டையா இருக்கே?” என்றாள். பார்த்தால் அவள் சொன்னது சரி. இடது பெட்டிப் பாம்புக்கு முதுகின் குறுக்கே மின்னல் வெட்டியது போல வெள்ளைப் பட்டைகள். வலது பெட்டியில் இருப்பதற்கு நடுமுதுகு நெடுக வெள்ளைச் செதில்கள் ஒன்றிரண்டாகச் சிதறி இருக்கின்றன, அவ்வளவுதான்.

படம் 1 இடது பெட்டி, படம் 2 வலது. பலகையை மாற்றி மாட்டிவிட்டார்களா? இல்லை, எனக்குத்தான் தெரியவில்லையா?

கொம்பேறி | #2
பலகை சரியாத்தான் இருக்கும் சார். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாததா? இரண்டுமே ஒரே குடும்பம்தான், ஊர் மட்டும் வேறு. வெள்ளைக் கோடு வயசுக்கு ஏற்ப மாறும். இந்தப் பாம்புகளே பச்சோந்தி மாதிரி நிறம் மாற்றுகிறவைதானே.

மெய்யப்பன் | #3
கொம்பேறி மூக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டு மரப்பாம்பைப் பற்றித் தவறாகச் சொன்னால், கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகை பார்க்க மரமேறின கதை மாதிரி ஆகிவிடும் தம்பி :)

தேவகி_டீச்சர் | #4
ராஜா, முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ்.

கொம்பேறி, ஒரே குடும்பம் இல்லை. ஒன்று மலைப்பாம்புக் குடும்பம், மற்றது போவாக் குடும்பம். பச்சை மர மலைப்பாம்பு நியூகினியிலும், அதைச் சுற்றியுள்ள அரு, பியாக் போன்ற தீவுகளிலும், ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கேப் யார்க் தீபகற்பத்திலும் வாழ்கிறது. மரகதப் போவா அமேசான் பக்கம். நடுவில் ஒரு முழுப் பெருங்கடல். பைத்தான் முட்டையிடும். போவா குட்டி போடும். இப்படி எட்ட இருக்கிற இரண்டு பாம்பும் ஒரே நிறம், ஒரே சுருள், ஒரே பார்வை என்று வந்து நிற்பதுதான் இதில் வேடிக்கை. கிளையில் காலமெல்லாம் கிடந்து வேட்டையாடுகிற வேலை இரண்டையும் ஒரே மாதிரி இழைத்துவிட்டது.

வெள்ளைப் பட்டை போவாவைத்தான் காட்டுகிறது, ஆனால் நிறத்தை வைத்து முடிவு சொல்ல எனக்கு மனம் வராது. தனித்தனிப் பாம்புக்கு நிறம் ரொம்ப வேறுபடும். உதட்டைப் பார்க்க வேண்டும். ராஜா, முகத்தை அருகில் எடுத்த படம் இருக்கிறதா? மேலுதட்டில் வரிசையாகச் செதில்கள் இருக்கும், அவற்றில் குழிகள் தெரியும். அந்தக் குழி செதிலின் நடுவில் இருக்கிறதா, இரண்டு செதிலுக்கு இடையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பைத்தானுக்குச் செதிலுக்கு உள்ளே. போவாவுக்கு இடையில்.

வடபாதி_ராஜா | #5
டீச்சர், நேற்று ராத்திரி பொண்ணும் நானும் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தோம். படம் 3, 4 இணைத்திருக்கிறேன்.

இடது பெட்டி: உதடு முழுக்க, மேலும் கீழும், சீப்புப் பல் இடுக்கு மாதிரி பிளவு பிளவாக இருக்கிறது. ஒவ்வொரு பிளவும் இரண்டு செதில் சேரும் இடத்தில்.

வலது பெட்டி: மூக்கு நுனியிலும் மேலுதட்டின் முன்பக்கத்திலும் மட்டும் சில குழிகள். பென்சில் முனையால் செதிலின் நடுவில் குத்தியது போல. கீழுதட்டில் பின்பக்கம் கொஞ்சம் நிழல் மாதிரி தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தேவகி_டீச்சர் | #6
அந்த நிழலும் குழிதான், பைத்தான்களுக்குக் கீழுதட்டில் பின்பக்கம் இருக்கும். அப்படியானால் பலகை மாறித்தான் இருக்கிறது. வலது பெட்டியில் இருப்பது நம் மலைப்பாம்பு.

இன்னொன்றும் கவனியுங்கள். படம் 4-ல் தலையின் மேற்பகுதி முழுக்கப் பொடிப் பொடியாக, ஒழுங்கில்லாத சின்னச் செதில்கள். படம் 3-ல் மூக்குக்கு மேலே சற்றுப் பெரிய செதில்கள் தெரிகின்றன, மூஞ்சியும் கனமாக இருக்கிறது.

மெய்யப்பன் | #7
அந்தக் குழி எதற்கு டீச்சர்? காதா?

தேவகி_டீச்சர் | #8
காது இல்லை, சூடு பார்க்கும் கருவி. நம் ஊர் மூங்கில் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு குழி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். கும்மிருட்டில் ஒரு எலி எதிரே வந்தால் அதன் உடல் சூடு இந்தக் குழிகளில் படும். அங்கிருந்து முகத்தில் உள்ள முக்கிளை நரம்பு வழியாக மூளைக்குப் போகும். எலியின் வெப்பமே ஒரு மங்கலான படமாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஆர்பிஏ1 என்ற புரதம்தான் இதில் உணர்வான் என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். நமக்கும் அதே புரதம் இருக்கிறது, ஆனால் நமக்கு அது கடுகு எண்ணெய் மாதிரி காரமான எரிச்சலை உணர்த்துவது. பாம்பு அதைச் சூடு பார்க்கத் திருப்பிக்கொண்டது. குழிவிரியன் வகைக்கு 28 டிகிரியை ஒட்டியே அது விழித்துக்கொள்ளும், பைத்தான்களுக்கு 30-ஐத் தாண்ட வேண்டும். அதாவது பைத்தானின் குழி கொஞ்சம் மந்தம். இந்த ஆய்வைச் செய்த கூடத்தின் தலைவர் டேவிட் ஜூலியஸ், வெப்ப உணர்வான்களுக்காக 2021-ல் நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார்.

கொம்பேறி | #9
சரி டீச்சர், குடும்பம் விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறம் மாறும் என்றது தப்பா? சின்னதில் மஞ்சளாக இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

கெய்ர்ன்ஸ்_சிவா | #10
அது தப்பில்லை தம்பி, பச்சோந்திதான் தப்பு. வாழ்நாளில் ஒரே தடவைதான் மாறும், திரும்பாது.

நான் கெய்ர்ன்ஸில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு நண்பர்களோடு கேப் யார்க்கில் அயர்ன் ரேஞ்ச் காட்டுக்குப் போனோம். இப்போது குட்டினி-பயாமு தேசியப் பூங்கா என்று பெயர். ஆஸ்திரேலியாவில் இந்தப் பாம்பைத் தேடுகிறவர்கள் போவது அங்கேதான். அங்கே குட்டிகள் எல்லாம் மஞ்சள். பளீரென்று, வாழைப்பழத் தோல் மாதிரி. பக்கவாட்டில் பழுப்புக் கோடுகளும் பொட்டுகளும். நியூகினி பக்கம் போனால் செங்கல் சிவப்பிலும் குட்டி உண்டு. பியாக் தீவில் ஒரே ஈட்டில் மஞ்சளும் சிவப்பும் கலந்து பொரிக்கும்.

பொரிக்கும்போது ஓரடி நீளம். சுமார் 55 சென்டிமீட்டர் வந்ததும் பச்சையாகும், கிட்டத்தட்ட ஒரு வயதில். அயர்ன் ரேஞ்சில் ஆய்வு செய்தவர்கள் 2007-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். குட்டிகள் இருப்பது காட்டின் ஓரத்தில், மரம் விழுந்து வெயில் இறங்கும் இடைவெளிகளில், தரையை ஒட்டிய சின்னச் செடிகளில். அங்கே காய்ந்த இலை, புல், வெயில் திட்டு நடுவில் மஞ்சள் எடுபடாது. பெரிதான பிறகு உள்காட்டுக்கும் மர உச்சிக்கும் போகிறது. அங்கே பச்சைதான் மறைவு. பறவைகளின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று நிறமானி வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னது இது.

நான் ஒரு குட்டியைப் பார்த்தேன். சுண்டு விரல் தடிமன். டார்ச் அடித்தபோது வாலைப் புழு மாதிரி நெளித்துக்கொண்டிருந்தது. வால் நுனி மட்டும் கருமை. அரணையோ பல்லியோ புழு என்று நம்பி வரட்டும் என்றுதான் அந்த நெளிப்பு. வழிகாட்டி சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வாலை மட்டும் பார்த்துவிட்டு ஏதோ கம்பளிப்பூச்சி என்று போயிருப்பேன்.

மெய்யப்பன் | #11
வாலைக் காட்டிச் சாப்பாடு. நம் ஆபீசில் சிலர் நினைவுக்கு வருகிறார்கள். மன்னிக்கவும், தொடருங்கள்.

பல்லிராஜன் | #12
இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். வளைகுடாவில் தனியார் ஒருவரின் ஊர்வனப் பண்ணையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். பச்சை மரப் பைத்தான் பதினாலு இருந்தது. கையால் தொட்டவன் என்ற முறையில் சிலது.

முதலில் உடம்பின் அமைப்பு. நம் ஊர் மலைப்பாம்பைத் தூக்கினால் உருண்டையாக, கொழுத்த தலையணை மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. முதுகெலும்பு மேலே வரப்பு மாதிரி நிற்கும், பக்கங்கள் சரிந்து இறங்கும். குறுக்கே வெட்டினால் முக்கோணம். பசியில் கிடக்கிறதோ என்று புதிதாக வந்தவர்கள் பயப்படுவார்கள். இல்லை, அதன் வாகே அது. பெரிய பெண் பாம்பே ஒன்றரைக் கிலோவைத் தொட்டால் அதிகம். நீளம் ஒன்றரை மீட்டர், எப்போதாவது இரண்டை நெருங்கும்.

அப்புறம் வால். அதன் மொத்த உயிரும் வாலில்தான். கிளையை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மீதி உடம்பைத் தொங்கவிட்டு எலியைக் கவ்வும், தலைகீழாகவே இறுக்கிக் கொன்று, தலைகீழாகவே விழுங்கும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கிளையிலிருந்து பாம்பை இழுக்கவே கூடாது. புதிதாக வந்த பையன் ஒருவன் அவசரத்தில் இழுத்து, ஒரு குட்டிக்கு வாலெலும்பு பிசகி, கடைசி வரை அந்த இடம் முடிச்சு மாதிரியே இருந்தது. நாங்கள் கிளையோடு சேர்த்துத்தான் வெளியே எடுப்போம்.

தேவகி_டீச்சர் | #13
அந்த முக்கோணத்துக்கு ஒரு விளக்கம். பள்ளியில் மர ஸ்கேலை வைத்துக் காட்டுவேன். மேசை விளிம்பிலிருந்து ஸ்கேலைப் படுக்கைவாட்டில் நீட்டினால் நுனி வளையும். அதையே செங்குத்தாக நிறுத்தி நீட்டினால் வளையாது. பக்கவாட்டில் ஒடுங்கி, மேல்கீழாக உயர்ந்த உடம்பு இருந்தால், ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு அந்தரத்தில் நீட்டும்போது தொய்யாது. உலகம் முழுக்க மரப்பாம்புகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

ரத்த ஓட்டமும் அப்படியே. செங்குத்தாக ஏறும் பாம்புக்கு ரத்தமெல்லாம் வாலுக்கு இறங்கிவிட்டால் மயக்கம் வரும். அதனால் மரமேறும் பாம்புகளின் இதயம் தலைக்குக் கிட்டே இருக்கும், தோலும் தசையும் ரத்தக் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும். கடல் பாம்பைத் தண்ணீருக்கு வெளியே தலை மேலாகப் பிடித்தால் ரத்தம் கீழே தங்கிவிடும். கடலில் தண்ணீரே வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருப்பதால் அதற்கு அந்த ஏற்பாடு தேவைப்படவில்லை.

கொம்பேறி | #14
விழுந்துவிடாதா டீச்சர்? கையும் இல்லை, நகமும் இல்லை.

தேவகி_டீச்சர் | #15
தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். 2014-ல் அழுத்தம் அளக்கும் கம்பத்தில் பாம்புகளை ஏறவிட்டுப் பார்த்தார்கள். விழாமல் இருக்க எவ்வளவு பிடி போதுமோ அதைவிடப் பல மடங்கு பிடித்தன. சக்தி விரயம்தான். ஆனால் முப்பது அடி உயரத்தில் கஞ்சத்தனம் பார்க்க முடியுமா?

பல்லிராஜன் | #16
இறுக்கிப் பிடிக்கும் என்பதற்கு என் மணிக்கட்டே சாட்சி.

சுருளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கொடியில் போட்ட ஈரத்துண்டு மாதிரி கிளையின் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும், நடுவில் தலை. மேலிருந்து பார்த்தால் கிளைமேல் வைத்த சும்மாடு. பகல் முழுக்க அசையாது. மழை பெய்தால் மடிப்புகளில் தண்ணீர் தேங்கும், தலையை நகர்த்தாமல் அதிலேயே குடிக்கும். எங்களிடம் இருந்த சில பாம்புகள் கிண்ணத்துத் தண்ணீரைக் கடைசிவரை தொடவே இல்லை. கைத்தெளிப்பானால் உடம்பில் தெளித்தால், செதில்மேல் உருண்டு நிற்கும் துளிகளை உறிஞ்சும். தாடை மட்டும் மெல்ல மெல்ல அசைவது தெரியும்.

பிறகு ஒரு பெண் பாம்பு. முட்டைக்குத் தயாராகும் சமயத்தில் பச்சை போய் நீலமானது. முழு நீலம். முதலாளி பாம்பு சாகப்போகிறது என்று பதறிவிட்டார். முட்டையிட்டு, காலம் போக ஓரளவு பச்சை திரும்பியது.

தேவகி_டீச்சர் | #17
நீலம் உள்ளேயே இருந்ததுதான் பல்லிராஜன். அந்தப் பச்சைக்குப் பச்சைச் சாயமே கிடையாது. தோலின் ஒரு அடுக்கில் மிகச் சின்னப் படிகங்கள் ஒளியைத் திருப்பி நீலமாக்குகின்றன. அதற்கு மேலே மஞ்சள் நிறமி ஒரு அடுக்கு. இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சள் குறைந்தால் நீலம் வெளியே வரும். பச்சைப் பாம்பை ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் நீலமாகிவிடுவதும் மஞ்சள் கரைந்து போவதால்தான், கல்லூரி ஆய்வகங்களில் பார்த்திருப்பீர்கள்.

அறிவியல் பெயரிலும் இந்த இரண்டு நிறமும் உண்டு. 1872-ல் ஷ்லெகல் என்ற விலங்கியலாளர் வைத்தது ‘விரிடிஸ்’, அதாவது பச்சை. இரண்டு வருடத்தில் மேயர் என்ற இன்னொருவர் வைத்தது ‘அசூரியஸ்’, அதாவது வான்நீலம். அந்தப் பெயர் ரொம்ப நாள் ஓரம் கிடந்தது. நியூகினியின் நடுமலைத் தொடருக்கு வடக்கே இருப்பதும் தெற்கே இருப்பதும் மரபணுவில் விலகி நிற்கின்றன என்று 2003-ல் தெரிந்தபோது, வடக்குப் பாம்பைத் தனி இனமாகப் பார்க்கிறவர்கள் அந்தப் பழைய நீலப் பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

நந்தினி_வனம் | #18
பண்ணைக் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பதினாலு பாம்பும் எங்கிருந்து வந்தன? இந்தோனேசியாவிலிருந்து ‘பண்ணையில் பிறந்தது’ என்ற சீட்டோடு ஏற்றுமதியாகும் பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று 2011-ல் வந்த ஆய்வு சொல்கிறது. பியாக் தீவிலிருந்துதான் அதிகம். குட்டி மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருப்பதே அதற்கு வினையாகிவிட்டது, அந்த நிறத்துக்குத்தான் விலை.

பல்லிராஜன் | #19
கேட்பது நியாயம். நான் கூலிக்கு இருந்தவன், சீட்டைப் பார்த்ததில்லை. சில பாம்புகள் உடம்பெல்லாம் உண்ணியோடு வந்து இறங்கின, வீட்டில் பிறந்த குட்டி அப்படி வராது. அது உறுத்தியதும் நான் வெளியே வர ஒரு காரணம்.

நெறியாளர் | #20
வணிகம் பற்றிப் பேச ‘வனமும் சட்டமும்’ பிரிவில் தனி இழை தொடங்கலாம். இங்கே பாம்பின் உடலமைப்பைத் தொடருவோம்.

கொம்பேறி | #21
முன்பல் ரொம்ப நீளமாமே? பறந்துபோகிற பறவையை இறகோடு கவ்விப் பிடிக்கத்தான் அப்படி என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

கெய்ர்ன்ஸ்_சிவா | #22
பல் நீளம்தான். பறவைக் கதைதான் இடிக்கிறது. பெரிய பாம்புகள் என்ன தின்றிருக்கின்றன என்று பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் எலி, பறவை அபூர்வம். நான் பார்த்ததும் அதற்கு ஒத்துப்போகிறது. பகலில் உச்சிக்கிளையில் இருக்கிற பாம்பு ராத்திரி கீழே இறங்கி வருகிறது. ஒன்று என் முழங்கால் உயரத்தில், ஒல்லியான ஒரு தண்டைப் பின்னுடம்பால் பற்றிக்கொண்டு, முன்னுடம்பை ஆங்கில எஸ் மாதிரி மடித்து, தலையைத் தரை நோக்கி வைத்திருந்தது. கீழே எலி ஓடும் தடம். டார்ச் பட்டதும் கண் வெளிறித் தெரிந்தது, நடுவில் நூல் மாதிரி செங்குத்துப் பாவை. இருபது நிமிடம் நின்று பார்த்தோம், ஒரு நாக்கு நீட்டல்கூட இல்லை. எங்களுக்குத்தான் கொசுக்கடி தாங்கவில்லை.

மெய்யப்பன் | #23
மர மலைப்பாம்பு என்றால் எல்லாமே பச்சைதானா சிவா?

கெய்ர்ன்ஸ்_சிவா | #24
இல்லை அண்ணே. எங்கள் பக்கம் ஸ்க்ரப் பைத்தான் என்று ஒன்று உண்டு, ஐந்து மீட்டர் தாண்டும், பழுப்பு. அதுவும் மரமேறும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பள்ளத்தாக்குகளில் சொரசொரப்புச் செதில் பைத்தான். மலைப்பாம்புகளிலேயே செதிலுக்கு நடுவில் வரப்பு உள்ளது அது ஒன்றுதான், 1981-ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். ஆனால் உடம்பு முழுக்க மரத்துக்கென்றே ஆகிப்போனது என்றால் பச்சைதான்.

தேவகி_டீச்சர் | #25
நம் ஊர் மலைப்பாம்பும் குட்டியில் நன்றாக மரமேறும், கனம் கூடக்கூடத் தரையோடு தங்கிவிடும்.

வடபாதி_ராஜா | #26
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒரு செய்தி இருக்கிறது.

டீச்சர் சொன்ன உதட்டுக் குழி விவரத்தைப் படங்களோடு அந்தப் பூங்காவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பொண்ணுதான் எழுதச் சொன்னாள். பதில் வராது என்று நினைத்தேன். நேற்று வந்தது. கண்ணாடி மாற்றும் வேலைக்காகப் பெட்டிகளைக் காலி செய்தபோது பாம்புகள் இடம் மாறிவிட்டன, பலகை மாறவில்லை, இப்போது சரி செய்துவிட்டோம் என்று ஊர்வனப் பகுதிப் பராமரிப்பாளர் எழுதியிருக்கிறார். கூடவே வலது பெட்டிப் பாம்பு அந்த வாரம் உரித்த சட்டையின் படத்தையும் பொண்ணுக்கென்று அனுப்பியிருக்கிறார். படம் 5.

தேவகி_டீச்சர் | #27
அடடா, அருமை! ராஜா, அந்தச் சட்டையில் வாலின் அடிப்பக்கம் தெரிகிறதா? வயிற்றில் அகலமான செதில்கள் ஒற்றை வரிசையாக வரும். வாலுக்குப் போனதும் என்ன ஆகிறது என்று பொண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வடபாதி_ராஜா | #28
பார்த்துவிட்டாள். “வயித்துல ஒண்ணு ஒண்ணா வருது, வால்ல ரெண்டு ரெண்டா பிரிஞ்சிடுது, சட்டைக்குப் பட்டன் வெச்ச மாதிரி” என்கிறாள். முப்பது ஜோடி வரை எண்ணினாள், அதற்கு மேல் சட்டை கிழிந்திருக்கிறது.

தேவகி_டீச்சர் | #29
ஜோடி ஜோடியாக என்றால் பைத்தான். போவாவுக்குப் பெரும்பாலும் வால்வரை ஒற்றைதான். மீதி ஜோடியை எண்ண முழுச் சட்டை வேண்டும் என்று பராமரிப்பாளருக்கு அவளையே இன்னொரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

மெய்யப்பன் | #30
அப்படியே கொம்பேறிக்கும் ஒரு நகல்.

கொம்பேறி | #31
வந்து சேரட்டும் அண்ணே. நானும் எண்ணிப் பார்க்கிறேன்.